நிமிஷத்துக்கு ஒரு டக்

தேனியில் எங்கள் நூல் மில்லின் சுவர்க் கடிகாரங்களுக்கெல்லாம் சாவி கொடுத்து வந்தவன் நான். என்னிடம் மணி கேட்டுத்தான் ஷிப்ட் மாறும். எழுபதுகளில் மின்கடிகார மெக்கானிக் ஒருவர் வந்து, எல்லாவற்றையும் கம்பியால் இணைத்தார். மேனேஜர் அறையில் ஒரு தாய்க் கடிகாரம். அது நிமிஷத்துக்கு ஒருமுறை மின்சாரம் அனுப்பினால் மற்ற கடிகாரங்களின் முட்கள் ஒன்றாக நகரும்.

ஏணியில் ஏறி இறங்கினாலும் அவருடைய வெள்ளைச் சட்டை அழுக்காகாது. இயந்திர இரைச்சலில் காது கேட்காது என்பதால், கடிகாரப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நாடி பார்ப்பார். எனக்கு டம்ளரை நங்கென்று வைக்கும் கேன்டீன்காரம்மா, அவருக்கு மட்டும் டீயை ஆற்றிக் கையில் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது.

"கரண்டு போனா என்ன செய்வீக?" என்று கேட்டேன்.

"அப்பத்தான்ணே நல்லாக் கேக்கும்" என்றார்.

கரண்டு போக வேண்டுமென்று சாமியை வேண்டிக்கொண்டேன். மறுநாளே போனது. இயந்திரங்கள் எல்லாம் அடங்கின. தாய்க் கடிகாரம் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில், மில் முழுக்க ஒரே நேரத்தில் 'டக்'. நூல் சுற்றும் பெண்கள் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் மடியிலிருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, அடுத்த 'டக்'குக்காக மூச்சடக்கி நின்றேன்.