இரட்டைச் சடை என்று சொன்னேன்

காலை பத்து நாற்பது. மலைமேல் பெண்கள் குளிக்கும் பகுதிக்கு வெளியே நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முடி காணிக்கை கொடுத்துவிட்டு, ஒன்பது வயது மகளைக் குளிக்க உள்ளே அனுப்பி அரை மணி ஆகியிருந்தது. உடம்பு முடியாமல் மனைவி வீட்டிலேயே தங்கிவிட்டதால், வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம், "இத்தையும் கூட்டிக்கினு போங்கம்மா, அது வாயத் தொறந்து பேசாது" என்று ஒப்படைத்திருந்தேன். அந்த அம்மாள் ஈரப் புடவையோடு தனியாக வெளியே வந்தார். "இன்னாப்பா இங்கயே நிக்கிற? உன் பொண்ணு அப்பவே வந்துட்ச்சே!" என்றார். உள்ளிருந்து வெளியே வர இன்னொரு வழி இருந்தது எனக்குத் தெரியாது.

என் மகள் பிறவியிலேயே பேசாதவள் அல்ல. வீட்டில் வளவளவென்று பேசுவாள். எங்கள் ஊர் புத்தூரில், தெலுங்குப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த புதிதில், தெலுங்கு டீச்சர் கேட்ட கேள்விக்குப் பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பதில் சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. தமிழைத் தெலுங்குக்காரர்கள் அரவம் என்பார்கள். "அரவம், அரவம்" என்று பிள்ளைகள் வீட்டு வாசல் வரை பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தன. அன்றோடு வெளியே அவள் வாய் மூடிக்கொண்டது. அவளுக்குப் பதிலாக நான் பேச ஆரம்பித்தேன். எனக்கு மருந்துக் கடை. வருகிறவர் பாதி சொல்லும்போதே நோயைத் தெரிந்துகொண்டு மாத்திரையை எடுத்து வைப்பது என் பழக்கம். வீட்டிலும் அதையே செய்தேன். டாக்டர் அவளிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் நான் சொன்னேன். சொந்தக்காரர் பெயர் கேட்டால் நான் சொன்னேன். அவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது என்பதை இப்போது மறைத்துப் பயனில்லை.

பள்ளி ஆண்டு விழாவில் அவளை மேடையேற்றினார்கள். நான்கு வரி சொல்ல வேண்டும். மைக்கின் முன் நின்றாள், நின்றாள், கடைசியில் பாவாடை நனைந்தது. அன்று என் மனைவி மலையைப் பார்த்துக் கும்பிட்டு, இவள் வாய் திறந்து பேசினால் இவள் முடியைத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் பலித்த பிறகுதான் காணிக்கை. நாங்கள் அவசரப்பட்டோம். முன்னாலேயே கொடுத்துவிட்டால் சீக்கிரம் பலிக்கும் என்று நான்தான் சொன்னேன். என் முடியையும் சேர்த்துக் கொடுக்கிறேன் என்றேன். முடி எடுப்பவர் கத்தியை வைப்பதற்கு முன் அவளிடம், "சரியாம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "சரிதான், நீங்க எடுங்க" என்று நான் பதில் சொன்னேன்.

இப்போது நான்கு பக்கமும் மொட்டைத் தலைகள். எல்லாவற்றிலும் சந்தனம். அவளைப்போலவே மஞ்சள் கவுன் போட்ட ஒரு குழந்தையின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். வேறு முகம். அதன் தாய் அலறிக் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். ஒருவன் என் சட்டையைப் பிடித்து, "புள்ள புடிக்க வந்தியாடா?" என்று கன்னத்தில் அறைந்தான். வலிக்கவில்லை. ஒன்றுதான் உறைத்தது: என் தலையும் மொட்டை. அவளாலும் என்னை அடையாளம் காண முடியாது. யாரையாவது கேட்க வேண்டும். அவள் கேட்க மாட்டாள். யாராவது கையைப் பிடித்து இழுத்தாலும் கத்த மாட்டாள்.

காணாமல் போனவர்களை மைக்கில் அறிவிக்கும் இடத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் அடையாளம் கேட்டார். அவள் பெயரைச் சொல்லி, மாநிறம், ஒன்பது வயது, மஞ்சள் கவுன் என்றேன். கேட்காமலே மேலும் சொன்னேன். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். பேச வராது. தினமும் காலையில் அந்தச் சடையைப் பின்னியவன் நான். என் மனதில் அவள் அப்படித்தான் இருந்தாள். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் என் வார்த்தைகள் மலை முழுக்க ஒலித்தன.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்றும் ஊரில் கல்யாண வீட்டு மைக் கொரகொரத்தால் கடையில் என் கை மாத்திரை அட்டையை நழுவவிடுகிறது. அன்று தனியாக இருந்த நேரத்தில் என்னென்ன நடந்தது என்று அவள் முழுதாகச் சொன்னதில்லை. முடி வளர்ந்துவிட்டது, சடை வேண்டாம் என்கிறாள். இன்றும்கூடச் சில நாள் பள்ளியில் ஊமையாகவே இருந்துவிட்டு வருகிறாள். ஆனால் டாக்டரிடம் நான் வாயெடுத்தால், "நீ இரு நைனா" என்கிறாள். நான் இருக்கிறேன். இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அன்று பன்னிரண்டே முக்காலுக்கு, நான் முன்பே விஷயம் சொல்லியிருந்த மனைவி மறுபடி போன் செய்தாள். அழுதுகொண்டே, "இன்னா அடையாளம் சொன்ன?" என்று கேட்டாள். சொன்னேன். "அய்யோ, அவ தலைல முடி எங்கய்யா கீது?" என்று கத்தினாள். கை தானாக என் தலைக்குப் போனது. இரண்டு மணி நேரமாக இல்லாத ஒரு பெண்ணை இந்த மலை தேடிக்கொண்டிருக்கிறது. மாற்றிச் சொல்லச் சொல்லலாம் என்று திரும்பினேன்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். முன்னால் ஒரு நடுத்தர வயதுப் பெண், மொட்டைத் தலைக்கு மாட்டும் தொப்பி விற்பவள், கை நிறையத் தொப்பிகள். அவள் முந்தானையை முறுக்கிப் பிடித்தபடி பின்னால் என் மகள். முகமெல்லாம் சந்தனமும் கண்ணீரும்.

"நீதானா அப்பன்? நல்லா சொன்னய்யா அடையாளம்!" என்று அந்தப் பெண் என்மேல் பாய்ந்தாள். "மைக்ல பேர் சொல்லச் சொல்ல என்னான்ட வந்து, அது நான்தான், அது நான்தான்னுது. சட எங்கடின்னேன். பேசாத பொண்ணுன்றாங்க, நீ பேசுறியே, போடின்னு மூணு தபா தொரத்திட்டேன். நாலாவது தபா முந்தானையைப் புடிச்சிக்கினு உடவே மாட்டேன்னுட்ச்சு. எல்லாரும் வேடிக்கை பாக்கறாங்க, இது கத்துது பாரு..."

நான் மண்டியிட்டுக் கைகளை நீட்டினேன். மகள் வரவில்லை. என்னைத் தாண்டிப் போய், மைக்கின் முன் இருந்தவரின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்றாள். தெலுங்கில்தான் சொன்னாள். ஒவ்வொரு சொல்லிலும் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்த தெலுங்கு.

"எங்க நைனா தப்பா சொல்லிட்டாரு. எனக்குப் பேச வரும். அத மாத்திச் சொல்லுங்க."