படை வந்த வழி

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த எனக்கும் லாரி ஓட்டிய நண்பருக்கும் சரித்திரக் கேள்விகள் கேட்டுக்கொள்வதில் பித்து. வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில் ஒருநாள் பகாவ் சாலையில் போலீஸ்காரர்கள் எங்கள் லாரியை நிறுத்தி, காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களுக்குப் போகும் அரிசி இருக்கிறதா என்று சோதித்தார்கள். காத்திருந்த சலிப்பில், "கடாரத்துக்குப் படை எந்த வழியா வந்துச்சு?" என்று கேட்டேன்.

"கடல் வழியாத்தான் லா!" என்று அவர் கத்தினார்.

'படை' என்ற சொல் ஒரு போலீஸ்காரர் காதில் விழுந்தது. இருவரையும் இறக்கினார்கள். அது சோழர் காலத்துக் கதை என்று எவ்வளவோ சொன்னேன். கிராணி என்பதால் என்னை விட்டுவிட்டு, அவரைக் கொண்டுபோனார்கள்.

சில நாள் கழித்து வீங்கிய கன்னத்தோடு வந்தவர், "இப்ப நான் கேக்குற முறைண்ணே," என்று சிரித்தபடி ஒரு கேள்வி கேட்டார். பதில் தெரியும்; சாலையின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்து மெல்லச் சொன்னேன்.