எனக்குப் பதிலாக ஓர் ஆள்

போன சனிக்கிழமை கிளிநொச்சி வாசிகசாலையில் நான் பேசவில்லை. வந்து காத்திருந்தவர்கள் மன்னிக்க வேண்டும். 'உழைப்பும் விடுதலையும்' என்பது தலைப்பு. பதினாறு பக்கம் எழுதி, முக்கியமான இடங்களில் சிவப்புக் கோடு போட்டு, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து மனைவிக்கு வாசித்தும் காட்டியிருந்தேன். பாதியில் அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள் என்பது வேறு விஷயம்.

பிறகு ஏன் வரவில்லை? செல்லம்மா அக்கா விடவில்லை!

அக்காவை உங்களுக்குத் தெரியாது. முரசுமோட்டையில் என் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். புருஷன் காய்ச்சலில் போய் மூன்று வருஷம். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் கமம் செய்கிறார். அந்த நெல்தான் மூன்று பேருக்கும் வருஷம் முழுக்கச் சாப்பாடு.

எங்கள் பக்கத்தில் அருவி வெட்டும் காலத்தில், அதாவது நெல் அறுவடையில், 'கைமாற்று' என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு என் வயலில் எல்லோரும் இறங்கி வெட்டித் தந்தால், அவரவர் வயல் வெட்டும் நாளில் நானும் இறங்க வேண்டும். கூலி என்ற பேச்சே இல்லை. என் வயலை அதற்கு முந்தின கிழமை பத்துப் பேர் வெட்டித் தந்தார்கள். அக்காவும் வந்தார். அவர் வெட்டிய வேகத்தை வரம்பில் நின்று வாய் பிளந்து பார்த்தேன். நான் பள்ளிக்கூட வாத்தியார். சனி ஞாயிறுகளில் மட்டும் என்னைக் கமக்காரன் என்று சொல்லிக்கொள்வேன்.

போன சனிக்கிழமை அக்காவின் வயல். எனக்கோ பேச்சு... என்ன செய்வது?

சின்னராசாவைக் கூப்பிட்டேன். ஒரு துண்டு காணியும் இல்லாதவன். கூலிக்கு யார் கூப்பிட்டாலும் போவான். வெட்டில் சூரன். கூலி பேசி எனக்குப் பதிலாக அவனை அனுப்பிவிட்டேன். நான் வெட்டுவதைவிட அவன் வெட்டினால் அக்காவுக்கு எவ்வளவு நல்லது! எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு என் வீட்டு வாசல் படலையில் திரும்பி வந்து நிற்கிறான்.

"ஐயா, அவா வேண்டாமெண்டிட்டா."

"ஏன், ஆக்கள் போதுமாமோ?"

"எங்கை காணும்? மழையும் இருட்டிக்கொண்டு வருது. ஆனால் என்னை வேண்டாமாம்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. என்ன திமிர்! பேச்சை மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். சின்னராசா பின்னால் ஓடி வந்தான்.

வானம் கறுத்துத்தான் கிடந்தது. மாசியில் வரக் கூடாத மழை. முற்றின நெல் மழையில் சாய்ந்தால் நிலத்திலேயே முளைத்துவிடும். பிறகு அந்த வீட்டில் என்ன உலை வைப்பது? எட்டுப் பத்துப் பேர் குனிந்த தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி வயல்கூட முடியவில்லை.

"என்ன அக்கா, நான் அனுப்பின ஆளைத் திருப்பி விட்டிட்டியள்?"

"ஓம் மாஸ்டர். விட்டனான்."

"அவன் என்னைப் போல நாலு பேரின்ர வேலை செய்வானே!"

"அது எனக்குத் தெரியாதே? உங்கட வெட்டையும் பாத்தனான்தானே" என்று சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"விளையாட்டில்லை அக்கா. மழை வந்தால் எல்லாம் அழிஞ்சு போம்."

அவர் நிமிர்ந்தார். சிரிப்பு போய்விட்டது.

"அழிஞ்சால் அழியட்டும் மாஸ்டர். நான் உங்கட வயலுக்கு வந்தது நீங்களும் என்ர வயலுக்கு வருவியள் எண்டுதான். உங்களுக்குப் பதிலா ஒரு கூலியாள் வந்தால், அண்டைக்கு நான் செய்ததும் கூலி வேலையாப் போயிடும். யாழ்ப்பாணத்திலை எங்கட அப்புவைக் காணிக்காரர் ஆரும் 'வாங்கோ' எண்டு கேட்டதில்லை. 'வேலைக்கு வரச் சொல்லு' எண்டு ஆள்தான் வரும். அது வேண்டாமெண்டுதானே இந்தக் காட்டுக்கு வந்தனாங்கள்?"

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து வெட்டத் தொடங்கினார்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். என் பையில் பதினாறு பக்கம் இருந்தது. விடுதலை என்றால் ஒருவருக்கும் கட்டுப்படாமல் இருப்பது என்று அதில் எழுதி, சிவப்புக் கோடும் போட்டிருந்தேன். இந்த மனுஷியோ ஒருவருக்கொருவர் கட்டுப்படுவதில் விடுதலையை வைத்திருக்கிறார்! அதுவும் சமமாய் நின்று. அதற்காக ஒரு வருஷச் சாப்பாட்டையே மழைக்குக் கொடுக்கத் துணிந்து நிற்கிறார். என் வாழ்நாளில் இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

செருப்பைக் கழற்றினேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். யாரோ ஓர் அரிவாளை நீட்டினார்கள். கால் மணி நேரத்தில் விரலை வெட்டிக்கொண்டேன், அது போகட்டும்.

அப்போதுதான் வரம்பில் நின்ற சின்னராசா வாயைத் திறந்தான்.

"அக்கா, நானும் இறங்கட்டே? கூலி வேண்டாம். மாஸ்டரின்ர கூலியும் வேண்டாம்."

"பின்னை?"

"எனக்கு வயல் இல்லை. நான் இருக்கிற கொட்டிலுக்கு வேலி அடைக்கோணும். எல்லாரும் வருவியளோ?"

"வாறம். நீ இறங்கு."

அவன் இறங்கவில்லை. என்னைப் பார்த்தான். "மாஸ்டரும் வருவியளோ?"

காலையில் 'ஐயா' என்றவன்! அத்தனை அரிவாளும் நின்றுவிட்டன. பெரிய மேடைகளில் ஏறியிருக்கிறேன்... என் பதிலுக்காக இவ்வளவு அமைதியாக எந்தச் சபையும் காத்திருந்ததில்லை.

"வாறன்" என்றேன்.

சின்னராசா இறங்கினான். அப்பப்பா, அது என்ன வெட்டு! கூலிக்கு அவன் வெட்டி நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்த வெட்டு வேறு. நாலு மணிக்கு மழை இறங்கியபோது கதிரெல்லாம் கட்டாகி, சூடு என்கிற போராகக் குவித்து மூடியாகிவிட்டது. கிழக்கு மூலையில் ஒரு சின்னத் துண்டு மட்டும் நனைந்தது. அது நான் வெட்டிக்கொண்டிருந்த பக்கம்.

என் பேச்சும் நனைந்து, சிவப்பு மை ஊறிப் போயிற்று. ஒரு வரியும் வாசிக்க முடியவில்லை. பரவாயில்லை, திருத்தி எழுத நிறைய இருக்கிறது.

நேற்று வாசிகசாலைக்காரர் வந்தார்கள். நல்ல மனிதர்கள், கோபப்படவில்லை. வாற ஞாயிற்றுக்கிழமையாவது கட்டாயம் வந்து பேச வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை சின்னராசாவின் கொட்டிலுக்கு வேலி அடைப்பு.

"அண்டைக்கு எனக்கு வேலை இருக்கு" என்றேன். "பேச்சுத்தானே... வேணுமெண்டால் எனக்குப் பதிலா ஓர் ஆளை அனுப்பிறன்."