துடக்கு வீட்டு வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமைகளில் நான் மாமியிடம், அதாவது கணவரின் தாயிடம், சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். "கொட்டாஞ்சேனை அம்மன் கோயிலுக்குப் போட்டு வாறன் மாமி. நேர்த்தி." உண்மையில் போனது அதற்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பல் டொக்டரின் மேல்மாடியில் இருந்த கவுன்சிலிங் அறைக்கு.

நாற்பதை நெருங்கும்போதுதான் எனக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை நான் மண்டைக்குள் ஒன்றுமில்லாதவள். ஹெவ்லொக் டவுனில் மகளைக் கூட்டிவர மறந்து, பள்ளிக்கூட வாசலில் இருட்டும்வரை நிற்கவிட்ட அன்று நானே என்னைக் கண்டு பயந்தேன். கணவர் அவளைப் பள்ளிக்கூட வான் வண்டியில் சேர்த்துவிட்டார். மகளைக் கூட்டிவரும் அந்த வேலை எனக்குத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் போனேன்.

கணவர் ஒரு நிபந்தனை போட்டார். "தங்கச்சிக்குக் கலியாணம் பேசுற நேரம். விசர் டொக்டரிட்ட போறீர், பைத்தியம் எண்டு கதை வெளிக்கிட்டா எல்லாம் குழம்பும். அம்மாவுக்குத் தெரிஞ்சா அண்டைக்கே கவுன்சிலிங்கை நிப்பாட்ட வேணும்."

அந்த அறையில் கதைத்தோம், அவ்வளவுதான். முதலில் நான் என்னைத் திட்டித் தீர்த்தேன். "உங்கட மகளுக்கு இப்பிடி இருந்தா அவளையும் இப்பிடித் திட்டுவீங்களோ?" என்று கவுன்சிலர் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு, எந்த வாசலைக் கடக்கும்போதும் நிலையில் கைவைத்து, என்ன எடுத்தேன், என்ன விட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்கினார்.

கோயிலுக்குப் போனவள் வீட்டிலிருப்பவர்களுக்குத் திருநீறு கொண்டுவராவிட்டால் யார் நம்புவார்கள்? கடையில் திருநீற்றுப் பக்கற் வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டு, மிச்சத்தைத் தாளில் மடித்துக் கொண்டுவருவேன். மாமி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணை மூடிப் பூசுவார். அதைப் பார்க்க முடியாமல் குசினிக்குள் போய்விடுவேன்.

ஒரு வெள்ளி கந்தோரில் வேலை முடிந்து நேரே கவுன்சிலிங்குக்குப் போய்விட்டு, வெள்ளவத்தைக்குத் திரும்பி, எங்கள் ஃபிளட் வாசலில் நிலையைத் தொட்டேன். திறப்பு, ஃபோன், குடை, திருநீறு. ஒன்றையும் விடவில்லை! தலைகால் தெரியாத சந்தோசத்தில் மணியடித்து, கதவைத் திறந்த மாமியிடம் திருநீற்றை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் நெற்றியையே பார்த்தார்.

"துடக்கோட கோயிலுக்குப் போனனியோ பிள்ளை?"

துடக்கை நான் மறந்தே போயிருந்தேன். அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் கனடாவில் கணவரின் சித்தப்பா காலமாகியிருந்தார். அந்த ஃபோனை எடுத்தவளே நான். அழுதவளும் நான். சாவு விழுந்த வீட்டார் துடக்கு, அந்தத் தீட்டு, கழியும்வரை கோயில் படி மிதிப்பதில்லை என்பது எங்கள் ஆட்களில் குழந்தைக்கும் தெரியும்.

"கலியாணம் பேசுற வீட்டில... அம்மாளாச்சி, இதை நான் எப்பிடிக் கழிக்கிறது?" மாமி தலையில் அடித்துக்கொண்டார். ஆமென்றால் நான் கோயிலுக்குத் துடக்கைக் கொண்டுபோன பாவி. இல்லையென்றால் விசர் டொக்டரிடம் போகிறவள். கவுன்சிலிங்கும் அன்றோடு சரி. ஆனால் அவர் அப்படி அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"போகேல்லை மாமி. ஒரு நாளும் போகேல்லை."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாமி போய்க் கதிரையில் அமர்ந்தார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் பூசினது?"

"கடைப் பக்கற், மாமி."

அதன்பிறகு மாமி என்னோடு கதைக்கவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. எப்போது சொல்லுவார் என்று தெரியாமல், மாமி வாயைத் திறக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வெள்ளி வெளிக்கிட்டு வாசலில் நின்றேன். சொல்ல ஒரு பொய்யும் மிச்சமில்லை. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. மச்சாளுக்கு, அதாவது கணவரின் தங்கைக்கு, பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய், துக்கம் விசாரிக்க எடுத்திருந்தார்.

"ஓம், மருமகள் நிக்கிறா. வெளியில போகப் போறா," என்றார் மாமி. எங்கே என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். மாமி என்னைப் பார்த்தார். என் கை நிலையிலேயே இருந்தது.

"கொட்டாஞ்சேனைக்கு. மறதிக்கு ஒராளிட்டக் காட்டுறா. பிள்ளையைத் தானே போய்க் கூட்டிக்கொண்டு வரவேணுமாம்."

மாமி ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே, நேரம் போகுது, போ என்று எனக்குக் கையைக் காட்டினார்.