தட்டு ஏன் மஞ்சளானது

எண்பதுகளின் பிற்பாதியில் எனக்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில் எங்கள் வாலிபர் மன்றத்தின் பலகை மேடை. பட்டிமன்றத்தில் சீட்டுக் குலுக்கி எந்த அணி விழுந்தாலும் அந்த அணியை வெல்ல வைப்பவன் என்று அங்கே பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயர் எனக்கு இனித்தது. மற்றது ஈப்போவுக்கு வெளியே, மரங்களை வெட்டித் தள்ளிய ஒரு ரப்பர் தோட்டத்து நிலத்தில் எழுந்திருந்த சிறிய ஆய்வுக்கூடம். அங்கே நான் பெப்டைடுகளைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

புற்றுநோய்ச் செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் ஏற்பியில் வந்து அமர்ந்ததும், பெருகு என்ற ஆணை செல்லுக்குள் போகிறது. சில கட்டிகளில் இந்த ஏற்பிகள் அளவுக்கு மீறி முளைத்திருக்கும். வளர்ச்சிக் காரணியின் ஒரு துண்டைப் போலவே குட்டையான அமினோ அமிலச் சங்கிலி ஒன்றை, அதாவது ஒரு பெப்டைடைச் செய்து, அதை ஏற்பியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். மன்றத்தில் இதை நான் வேறு விதமாகச் சொல்வேன்: பேச்சாளருக்குப் போட்ட நாற்காலியில் இன்னொருவர் ஏறி உட்கார்ந்துகொள்கிறார், அவர் வாயே திறப்பதில்லை, கூட்டம் எழுந்து போய்விடுகிறது.

மணலைப் போன்ற பிசின் மணிகளின்மேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து, கடைசியில் கடுமையான அமிலம் ஊற்றிச் சங்கிலியை மணியிலிருந்து அறுத்தெடுத்து உலர்த்த வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. அப்படிச் செய்த ஒரு பெப்டைடை வளர்ப்புத் தட்டுகளில் இருந்த புற்றுநோய்ச் செல்களுக்குக் கொடுத்தோம். மறுநாள் செல்கள் அத்தனையும் தட்டை விட்டுக் கழன்று, செத்து மிதந்தன.

அடுத்த வியாழக்கிழமை கோலாலம்பூரிலிருந்து ஒரு குழு வரவிருந்தது. எங்கள் ஆய்வு தொடர்வதா, மூடப்படுவதா என்பதை அவர்கள்தாம் முடிவுசெய்ய வேண்டும். ஆய்வுக்கூடத் தலைவர் லகாட்டில் வாழ்ந்த சீனப் பெண்மணி, அதிகம் பேசாதவர். குழுவின் முன் பேசும் பொறுப்பை அவர் என்னிடம் கொடுத்தார். நான் உரையை எழுதி, ஏற்ற இறக்கம் குறித்து, மனப்பாடமும் செய்துவிட்டேன்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே பேசப் போகிறவர் முதலில் தன் உரையை மன்றத்திலேயே நிகழ்த்த வேண்டும்; அவரை நன்கு அறிந்த எதிரணிக்காரர் அதை உடைக்க வேண்டும். உடைப்பவர் முடிக்கும்வரை பேசியவர் வாய் திறக்கக் கூடாது. என் எதிரணிக்காரன் எப்போதும் ஒரே ஆள்தான்: தமிழ்ப்பள்ளி ஆசிரியனான என் நண்பன். சனிக்கிழமை மாலை பிங்பாங் மேசைமேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே அவன் என் உரையைக் கேட்டான்.

“மச்சான், செத்துச்சு செத்துச்சுன்னு மூச்சுக்கு மூச்சு சொல்ற. எதனால செத்துச்சுன்னு சொல்லவே இல்லயே.”

“ஏற்பிய அடைச்சதாலதான்,” என்றேன், விதியை மீறி.

“அத நீதான் சொல்ற லா. செல்லு சொல்லுச்சா?” அவன் மேசையிலிருந்து இறங்கினான். “எங்கப்பா தோட்டத்து ஸ்டோர்ல தெனம் ரப்பர் பால்ல ஆசிட் ஊத்துவாரு. ஊத்துனா பால் ஒறஞ்சிரும். அதுக்கு நாற்காலியும் வேணாம், ஏற்பியும் வேணாம். நீயும் ஆசிட் ஊத்தித்தான சங்கிலிய அறுத்த? அது பூரா போயிருச்சுன்னு யாரு பாத்தா?”

மன்றத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உலர்த்தியபோதே அமிலம் போய்விட்டது என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் தட்டுகளின் நிறம் நினைவுக்கு வந்தது.

செல்களை வளர்க்கும் திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும், புளித்தால் மஞ்சளாகும். செல்கள் நெருக்கமாக வளர்ந்துவிட்டால் தாமே அதைப் புளிக்க வைத்துவிடும். ஆகவே மஞ்சள் தட்டு எங்களுக்கு அன்றாடக் காட்சி. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெப்டைடு கொடுத்த தட்டுகளும் மஞ்சளாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றில் புளிக்க வைப்பதற்கு உயிருள்ள செல்லே இல்லை.

ஞாயிறு காலை லகாட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போய்த் தலைவரிடம் சொன்னேன். வாசலிலேயே நின்று கேட்டார். மிச்சமிருந்த பெப்டைடு ஒரே ஒரு சோதனைக்குத்தான் போதும். மறுபடி சோதித்து விளைவு இல்லையென்றால், வியாழனன்று காட்ட ஒன்றும் இருக்காது. சோதிக்காவிட்டால், காட்டுவதற்கு அருமையான படங்கள் இருந்தன. இரண்டையும் அவர் என்னைவிட வேகமாகக் கணக்கிட்டிருப்பார். பேசப் போகிறவன் நீ, எதை வைத்துக்கொண்டு உன்னால் நிற்க முடியும் என்று மலாயில் கேட்டார். என் பதிலுக்குக் காத்திராமல் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார்.

பெப்டைடின் அமிலத்தை முறித்து மீண்டும் உலர்த்தினோம். சில தட்டுகளுக்கு எதுவும் சேர்க்கவில்லை. சிலவற்றுக்கு அமிலம் மட்டும். சிலவற்றுக்குச் சுத்தம் செய்த பெப்டைடு. அமிலம் மட்டும் விட்ட தட்டுகள் என் கண்ணெதிரே மஞ்சளாயின. மறுநாள் செல்கள் செத்து மிதந்தன. என் உரையில் நான் வெற்றி என்று வருணித்திருந்த அதே காட்சி. சுத்தமான பெப்டைடு பெற்ற தட்டுகள் இளஞ்சிவப்பாகவே இருந்தன. செல்கள் தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உயிரோடிருந்தன.

புதன் பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போயிற்று. செல்கள் இருந்த வெப்பப் பெட்டியின் கதவை யாரும் திறந்துவிடாதபடி நான் அதன் முன்னே நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் வெப்பமானி இறங்கத் தொடங்கியது. தலைவர் ஜன்னலோரம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்தார். மின்சாரம் திரும்பியதும் எந்தத் தட்டு எது என்று அவருக்குத் தெரியாதபடி அடையாளங்களை மூடி, அவரை எண்ணச் சொன்னேன். பிறகு நானும் எண்ணினேன். இருவர் கணக்கும் ஒன்றையே சொன்னது: பெப்டைடு பெற்ற செல்கள் பெருகியிருந்தன, எதுவும் பெறாதவற்றைவிடக் குறைவாக. அவ்வளவுதான்.

வியாழனன்று, மனப்பாடம் செய்த ஒரு வாக்கியத்தைக்கூட நான் பயன்படுத்தவில்லை. முதலில் அமிலத் தட்டைக் காட்டி, சென்ற வாரம் இதைத்தான் நாங்கள் மருந்தின் வேலை என்று நினைத்தோம் என்றேன். குழுவில் ஒருவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு மற்றத் தட்டுகளை நுண்ணோக்கியில் வைத்து, வளர்ச்சி தணிந்திருக்கிறது, நிற்கவில்லை என்றேன். குழுத் தலைவரான மலாய் மருத்துவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். இதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்தாலும் செல்கள் தணியுமா என்று கேட்டார். தணிந்தால் ஏற்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பொருள்.

நின்றுகொண்டு பேசும்போது ‘தெரியாது’ என்ற சொல்லை அதுவரை நான் உச்சரித்ததில்லை. அன்று உச்சரித்தேன்.

செய்து காட்டுங்கள், அதற்குப் பிறகு முடிவெடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள். எங்களை மூடவுமில்லை, தொடரவும் சொல்லவில்லை. கார்கள் செம்மண் பாதையில் இறங்கி மறையும்வரை வாசலில் நின்ற எங்கள் தலைவர், உள்ளே வந்து பிசின் மணிப் புட்டியை என் மேசைமேல் வைத்தார். அதே அமினோ அமிலங்கள், கலைந்த வரிசை. நான் கட்டிய முதல் சங்கிலிகள் பயன்பட வேண்டும் என்று வேண்டியவன், பயன்படவே கூடாது என்ற வேண்டுதலோடு இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைக் கோக்க ஆரம்பித்தேன்.