கறுப்பு வெள்ளையில் ஒரு முகம்

“மொதல்ல சத்தத்த அடச்சுட்டுப் பாரு, கேட்டியா.” அத்தங்கா எனக்கு அனுப்பிய முதல் வீடியோவின் அடியில் இந்த ஒரு வரிதான் இருந்தது. என் அத்தை மகள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலேயே வீடு, பேங்கில் வேலை. அவள் ஒரு நேர்கோடு போட்டால் அதுவும் கோணலாகத்தான் வரும். ஆனால் ஆஸ்பத்திரியில் வழி தெரியாமல் அலைகிறவர்களுக்கான அம்புக்குறி, படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் மருந்து உறை, வேலைநிறுத்தச் சுவரொட்டி என்று ஜனங்களுக்கு உபயோகப்படும் வடிவமைப்பைப் பற்றி எந்த நாட்டுக்காரர் பேசியிருந்தாலும் தேடிப் பிடித்துவிடுவாள். நிறையப் பார்த்து, கழித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று எனக்கு வரும். இப்போதும் வருகிறது. பழவங்காடியில் ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் கல்யாண போர்டும் அஞ்சலி போர்டும் அடித்துக் காலம் தள்ளிய எனக்கு, என் வேலைக்கு இப்படியொரு மரியாதை உண்டென்பதே அவளால்தான் தெரிந்தது.

ஒரு கோடையின் கடைசியில் மலைத்தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாள் ஒருவர் கடைக்கு வந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கூரைத் தகரம் இற்றுப்போய் ஒழுகுகிறது, எத்தனை பேரிடம் சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை, ஒரு போஸ்டர் வேண்டும் என்றார். “பெருமழ பிடிச்சா பேரப்பிள்ளைகள வச்சுகிட்டு எங்க போவேன் சாரே?” அவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு அத்தங்காவைக் கூப்பிட்டேன். அந்த வாரம் அவள் அனுப்பியிருந்த வீடியோவில் ஒரு தொழிலாளியின் முகம் மட்டும் கறுப்பு வெள்ளையில் சுவரை நிறைத்துக்கொண்டிருந்தது. “அதுபோல மொகம் மட்டும் மதிடா, வேற ஒண்ணும் வேண்டாம். எழுத்தக் கொறச்சுப் போடு” என்றாள். அப்படியே செய்தேன். முகம், கீழே பெயர், அதற்கும் கீழே பொடி எழுத்தில் கூரையின் கதை. என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை. அத்தங்கா அதைத் தன் போன் திரையிலேயே வைத்துக்கொண்டாள்.

மலையடிவாரக் கடைத்தெருவில் போஸ்டர் ஒட்டிய மறுநாள் காலை லயத்திலிருந்து போன் வந்தது. அந்த அம்மாள் வீட்டுக்கு மலர்வளையத்தோடு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்களாம். எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்கள் போர்டில் கலரில்தான் சிரிப்பார்கள். கறுப்பு வெள்ளையில் முகமும் பெயரும் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வாராவாரம் அதை அடித்துக் கொடுக்கிறவனே நான், வெளிநாட்டு வீடியோ மயக்கத்தில் மறந்துபோனேன். அத்தங்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. “நான் அயச்ச வீடியோவாக்கும். நானும் வரேன்” என்று லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். மலை ஏறுகிற வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டியதை முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். அவள்மேல் எனக்கு இருக்கிற பிரியம் முழுவதும் அந்தப் பஸ்ஸில் வந்ததுதான் என்று தோன்றும்.

லயத்து வாசலில் கூட்டம். விஷயம் தெரிந்த பிறகும் யாரும் கிளம்பவில்லை, ஏனென்றால் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் உள்ளே ஒண்டியிருந்தார்கள், உள்ளேயும் மழை. சட்டையில் சொட்டு விழுந்த பஞ்சாயத்து மெம்பர் அண்ணாந்து பார்த்துவிட்டு, மூலைக்குப் போய்த் தகரத்துக்காக யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் எல்லோருக்கும் பால் விடாத கட்டன்சாயா ஊற்றிக்கொண்டிருந்தார். அத்தங்கா கைகூப்பி ஆரம்பித்ததும் அவள் கையிலும் ஒரு கிளாஸைத் திணித்தார்.

“மன்னிப்பெல்லாம் எதுக்கு? இத்தன வருசம் கூப்பிட்டும் ஒருத்தரும் எட்டிப் பாக்கல்ல. இன்னைக்குத்தான் எல்லாரும் எங்க கூரயப் பாக்காங்க.”

இன்றைக்கே கலரில் அடித்து மாற்றி ஒட்டிவிடுகிறேன் என்றேன். அவர் மெம்பர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவசரப்படாதீங்க சாரே. தகரம் வரட்டும். அதுவரைக்கும் நான் செத்தே கெடக்கேன்.”