உப்புக்குத் தப்பின நத்தை

இப்ப நான் சொல்லப்போறது முழுக்க முழுக்க நெஜம். ஒரு சொட்டுப் பொய் இருந்தா என் நாக்கு சுருண்டு போகட்டும். சரி சரி, சுருள வேண்டாம், அத வச்சுத்தான் நான் காலம் தள்றேன். கொஞ்சம் இழுப்பேன். துணி மில்லுல மூட்டை தூக்குறவன் நான், இழுத்துப் பாக்காத துணிய எவன் வாங்குறான்? நீளத்துலதான் பொய் இருக்கும். நூல் அத்தனையும் நெஜம்.

யாரும் எந்திரிக்காதீங்க. டீ ஆறினா ஆறட்டும். முதலாளி ஐயா, நீங்க அந்தக் கை வச்ச நாற்காலிலயே இருங்க. கட்டம் அண்ணே, நீங்க கதவுப் பக்கம் நழுவுறது தெரியுது. முன்னாடி வாங்க, இது உங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போற கதை.

இப்பதான் எங்க அத்தான் பேசி முடிச்சாரு. மில்லுல டிசைன் ரூமுக்கே தலைவராயிட்டாரு, அதுக்குத்தான் அவரு வீட்டு ஹால்ல இந்த விருந்து. நாளைக்குக் காலைல ஜன்னலோரம் இருக்குற அந்தப் பெரிய மேசைல போய் உக்காரப்போறாரு. "இயற்கைதான் என் தாய். ஒவ்வொரு இலையும் என்கிட்ட பேசும். அது சொல்லுது, நான் வரையறேன்"னு நெஞ்சுல கை வச்சுப் பேசினாரு. நீங்க கை தட்டுனீங்க. நானும் தட்டினேன். தட்டிட்டுத் திரும்பிப் பாத்தா, அவரு பொண்டாட்டி, அதாவது என் கூடப் பொறந்த அக்கா, சமையக்கட்டு வாசல்ல மடிச்ச துணியோட நிக்கிது. "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னா அதுல சிரிப்பு இருக்காது"ன்னு கேட்டுச்சு. அதான் எந்திரிச்சேன்.

மொறைக்காதீங்க அத்தான். உங்க சரித்திரத்தத்தானே சொல்றேன்.

இலை இவருகிட்ட பேசுமாம்! பேசியிருந்தா அந்த இலை மேல போலீஸ்ல புகார் குடுத்திருப்பாரு. இவரு சின்ன வயசுல டிராயிங் கத்துக்கப் போன மொத நாளு, பூவப் பாத்து வரையச் சொல்லித் தோட்டத்துக்கு அனுப்பியிருக்காங்க. குனிஞ்சு பாத்தாரு, மூக்குல தேனீ கொட்டிருச்சு. மூக்கு எந்த அளவுக்கு வீங்குச்சுன்னா, பின்னால வந்த பஸ்ஸு ஹாரன் அடிச்சிட்டு ஓரமா சுத்திப் போச்சு. அன்னைக்கு ஆரம்பிச்ச பகை. அப்புறம் பூவப் பாத்தா தும்மல், புல்ல மிதிச்சா அரிப்பு, மழை பேஞ்சா காகிதம் சுருளும். "வானத்துக்கு வேற வேலையே இல்லையா?"ன்னு மேல பாத்துத் திட்டுவாரு.

ஆனா தொழிலு என்ன? பூ வரையறது. இருபத்தாறு வருசமா நம்ம மில்லுல ஜன்னல் திரை, சட்டை, மெத்தை உறை, எதுல பூ பூத்தாலும் அது இவரு பூ. எதப் பாத்து வரைவாருங்கறீங்க? மேசை மேல ஒரு பாட்டில், அதுல ஏழு பிளாஸ்டிக் ரோஜா. வாராவாரம் அதுக்கு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, துண்டால ஒத்தி எடுப்பாரு. எங்க அக்காவுக்குக் காய்ச்சல் வந்தப்போ நெத்தில கை வச்சுப் பாக்காத மனுசன்.

ஏன் நெஜப் பூவ வச்சு வரையலைன்னு ஒரு தடவ கேட்டேன். "அதுங்களுக்கு ஒழுங்கே கெடையாதுடா. ஒண்ணுல அஞ்சு இதழு, ஒண்ணுல நாலரை. பூச்சி தின்ன ஓட்டை வேற. எண்ணிப் பூக்கத் தெரியாததெல்லாம் ஒரு பூவா?"ன்னாரு.

இப்படிப்பட்டவருக்கு வாச்சது யாரு? எங்க அக்கா. செடியத் தொட்டு எழுப்புற கை அதுக்கு. இவரு வரையற ரூமு இந்த வீட்டுல தெருப்பக்கம் இருக்குல்ல, அந்த ஜன்னல் திண்டுல வரிசையா பதினோரு தொட்டி வச்சிருந்துச்சு. இவரு உள்ளருந்து ஜன்னலச் சாத்துவாரு, அது வெளியருந்து தொறக்கும். ரெண்டு பேரும் சேந்து பேசின பேச்ச விட அந்த ஜன்னல் பேசினதுதான் அதிகம். டமார், டமார். தெருவுல போறவங்க கடிகாரத்தச் சரி பண்ணிக்குவாங்க.

போன மழைக்காலத்துலதான் விசயம் நடந்துச்சு. ஒரு பெரிய தாள் முழுக்கப் பூ வரைஞ்சு, அதச் சுத்தி நீலம் பூசி, காயட்டும்னு மேசைல விரிச்சுட்டுப் படுத்துட்டாரு. ஈரக் காத்துல நீலம் காயவே இல்ல. காத்து வரணுமேன்னு அன்னைக்கு மட்டும் ஜன்னல ஒரு விரக்கடை தொறந்து வச்சிருக்காரு. காலைல தாள வாங்கிட்டுப் போக நான் வந்தேன். குளியலறைக்குள்ள இருந்து கத்துறாரு: "டேய், மேசைல இருக்கு, சுருட்டி எடுத்துட்டு ஓடு, பிலிம் ரூம்ல காத்துட்டு இருப்பானுங்க!"

போய்ப் பாத்தேன். அவரு போட்ட பூவெல்லாம் வழக்கம்போல வரிசைல நிக்கிது, ஹாஜருக்கு நிக்கிற மாதிரி. ஆனா அதுங்களுக்கு நடுவுல வெளுப்பா ஒரு கோடு. பூவச் சுத்தி, இலைய ஒரசி, ஓரிடத்துல நின்னு யோசிச்சு, திரும்பி வந்து, மறுபடி போயிருக்கு. அங்கங்க காகிதத்தக் கொறிச்ச மாதிரி அலை அலையா ஓரம். தாளு மூலைல ஒரு நத்தை, எதுவும் நடக்காத மாதிரி உக்காந்திருக்கு. எடுத்து மரியாதையா மூணாவது தொட்டில விட்டேன். கோடும் அத்தான் போட்டதுதான்னு நெனச்சேன். நெசமாவே நெனச்சேன். 'பரவால்லையே, கடைசி காலத்துல மனுசனுக்கு உசிரு வந்திருக்கே'ன்னு சந்தோசமா சுருட்டிட்டுப் போயிட்டேன். பிலிம் ரூம்ல தாள்ல என்ன இருக்கோ அத அப்படியே படம் புடிச்சு அச்சுக்கு எடுத்துட்டாங்க.

இவரு குளிச்சுட்டு வந்து பாக்குறாரு. ஜன்னல்லருந்து மேசை வரைக்கும் பளபளன்னு ஒரு வழவழப்புத் தடம். நத்தை தன் மேசைல நடந்திருக்குன்னு புரிஞ்சிருச்சு. தாள் மேல நடந்தது தெரியாது, தாளுதான் என்கூட மில்லுக்குப் போயிருச்சே. அப்ப வந்துச்சு பாருங்க கோவம். சமையக்கட்டுல இருந்த உப்பு மொத்தத்தையும், நான் நாலு மூட்டைன்னு சொல்லுவேன், அக்கா நாலு பாக்கெட்டுன்னு சொல்லும், பதினோரு தொட்டிலயும் கொட்டிட்டாரு. நத்தையெல்லாம் நுரை தள்ளிச் செத்துச்சு. ஒரே வாரத்துல பதினோரு செடியும் கருகிப்போச்சு. அக்கா தொட்டிகள ஒவ்வொண்ணாக் கழுவிக் கவுத்து வச்சுது. அதோட பேச்சும் நின்னுச்சு. சோறு வைக்கும், தண்ணி வைக்கும், வாயத் தொறக்காது.

நாப்பது நாள் கழிச்சு முதலாளி ஐயா கூப்பிட்டு விட்டாரு. ஐயா, ஞாபகம் இருக்கா? மேசைல அந்தத் துணி. அத்தான் அப்பதான் அந்தக் கோட்ட மொத தடவையா பாக்குறாரு. தாள எவனோ கெடுத்துட்டான்னு கத்த வாயத் தொறந்தாரு. அதுக்குள்ள நீங்க, "இருபத்தாறு வருசத்துல நீ போட்டதுலயே இதுதான்யா கோடு! வாங்குறவங்க பூவப் பத்திக் கேக்கல, இந்தக் கோட்டப் பத்தித்தான் கேக்குறாங்க"ன்னீங்க.

தொறந்த வாய மூடினாரு. மறுபடி தொறந்தாரு. "ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருந்த கோடுங்கய்யா"ன்னாரு.

"இதே மாதிரி இன்னும் ரெண்டு குடு. தலைவர் மேசை காலியாத்தான் கெடக்கு. நீ இல்லேன்னா கட்டம்தான்"னு சொல்லிட்டீங்க.

கட்டம் அண்ணனத் தெரியாதவங்களுக்கு: இவரு எதிர் மேசைல ஸ்கேல வச்சுக் கட்டமும் கோடும் போடுறவரு. நேரா நடப்பாரு, நேரா சிரிப்பாரு. இவங்க ரெண்டு பேருக்கும் பதினஞ்சு வருசமா ஆகாது. ஒருத்தர் தும்மினா இன்னொருத்தர் ஜன்னலத் தொறந்து விடுவாரு, இன்னும் தும்மட்டும்னு.

அத்தான் வீட்டுல உக்காந்து அந்தக் கோட்டப் போட்டுப் பாக்குறாரு. கை கேக்கல. ஒழுங்கா வளைஞ்சு வளைஞ்சு பழகின கை. இடது கைல போட்டாரு. கண்ணக் கட்டிட்டுப் போட்டாரு. என்னைத் தோளப் புடிச்சு உலுக்கச் சொல்லிட்டுப் போட்டாரு. ஐயா பாத்துட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாரு: "இது போட்ட கோடு. அது போன கோடு. திங்கக்கெழமை வரைக்கும்தான்."

அப்புறம்தான் நத்தை தேட எறங்கினாரு. மண்ணத் தொட்டா ரெண்டு தரம் கை கழுவுற மனுசன், மில்லுப் பின்சுவத்துச் சாக்கடை ஓரமா முட்டி போட்டுத் தவழுறாரு. அதுக்குள்ள வெயில் காலம் வந்திருச்சு. ஒண்ணே ஒண்ணு கெடச்சுது. தாள்ல விட்டா, அது உள்ள போய்க் கதவச் சாத்திக்கிச்சு. "வாடி வெளிய!"ன்னு மெரட்டுறாரு. "வாங்கம்மா"ன்னு கெஞ்சுறாரு. பிளாஸ்டிக் ரோஜாவ எடுத்து மூஞ்சிக்கு நேரா ஆட்டுறாரு. ரெண்டு நாள் அப்படியே கெடந்துச்சு. மூணாம் நாள் பாத்தா ஓடு மட்டும் இருக்கு, ஆள் இல்ல. இவரு மூஞ்சியப் பாக்குறதுக்கு அது சாவே மேல்னு முடிவு பண்ணியிருக்கும்.

கடைசில ஞாயித்துக்கெழமை காலைல அக்கா முன்னாடி வந்து நின்னாரு. நான் சமையக்கட்டுல வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன், அதனால கண்ணீரு யாருதுன்னு கேக்காதீங்க.

"எங்கயாவது நத்தை கெடைக்குமா?"ன்னாரு.

ரெண்டு மாசத்துக்கப்புறம் அக்கா வாயத் தொறந்துச்சு. "எதுக்கு? உப்பு மிச்சம் இருக்கா?"

எல்லாத்தையும் சொன்னாரு. அக்கா அசையாமக் கேட்டுச்சு. அப்புறம் பாத்திரம் கழுவுற தொட்டிக்கு அடிலருந்து, மூடில ஓட்டை போட்ட ஒரு டப்பாவ எடுத்துச்சு. உள்ள அந்த நத்தை! ஓட்டுல நீலம் அப்படியே ஒட்டியிருக்கு. உப்போட இவரு வர்றதப் பாத்ததும் கைக்குக் கெடச்ச ஒண்ண மட்டும் எடுத்து ஒளிச்சிருக்கு.

"குடு"ன்னாரு.

"குடுக்கிறேன். துணி ஓரத்துல உங்க பேருக்குப் பக்கத்துல என் பேரும் வரணும்."

நம்ம மில்லு வழக்கம்தான் தெரியுமே, துணியோட ஓரத்துல பொடி எழுத்துல டிசைன் நம்பரும் வரைஞ்சவங்க பேரும் அச்சாகும். இவரு உடனே அந்தப் பிளாஸ்டிக் ரோஜா மேல கைய வச்சு சத்தியம் பண்ணாரு. அந்தாளுக்கு அதவிடப் பெரிய சாமி இல்ல, அதனால அக்கா நம்பிருச்சு.

அதுக்கப்புறம் நடந்தத நான் என் கண்ணால பாத்தேன், இதுல இழுவையே இல்ல. இவரு பூவ வரைஞ்சு நீலம் பூசிட்டு ஒதுங்கி நின்னாரு, தும்மிக்கிட்டு. அக்கா நீலம் பாதி காயற வரைக்கும் விரல் வச்சுப் பாத்துச்சு. தாள்ல எந்தெந்த இடத்துல வளையணும்னு கொஞ்ச நேரம் நின்னு யோசிச்சுது. அந்தந்த எடத்துல வெள்ளரிக்காய்த் துண்ட வச்சுது. லேசாத் தண்ணி தெளிச்சுது. நத்தைய எறக்கி விட்டுச்சு. அது ஒரு துண்டத் தின்னதும் அத எடுத்துட்டு இன்னொண்ண வேற பக்கம் வைக்கும். அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் ஒரு தாளு, ராத்திரிக்குள்ள இன்னொண்ணு. கடைசித் துண்ட மட்டும் அது தின்னு முடிக்கிற வரைக்கும் எடுக்கவே இல்ல. "வேல செஞ்சிருக்குல்ல"ன்னுச்சு.

திங்கக்கெழமை ஐயா ரெண்டு தாளையும் பாத்துட்டு எந்திரிச்சே நின்னுட்டாரு. அத்தான் தலைவராயிட்டாரு. நேத்து அச்சாகி வந்துச்சு துணி. அக்கா கைல இருக்குறது அதான். விரிச்சுக் காட்டுக்கா. ஓரத்தப் பாருங்க எல்லாரும். நம்பர் இருக்கு. எங்க அத்தான் பேரு இருக்கு, நல்லா முழுசா. அதுக்குப் பக்கத்துல என்ன இருக்கு? வெறும் வெள்ளை. ஒரு பேரு போடுற அளவுக்கு எடமும் இருக்கு.

அவ்வளவுதான் கதை. இயற்கைத் தாயோட செல்லப்புள்ளைக்கு இப்ப இன்னொரு தரம் கை தட்டுங்க.

"டேய், வெளிய போடா!"

பாத்தீங்களா, இலைகிட்டக்கூட இவரு இவ்வளவு அன்பாப் பேசினதில்ல.

"இருய்யா," முதலாளி குறுக்க வந்தாரு. "அப்போ அந்த ரெண்டு தாளும் நத்தை போட்டதா?"

"ஐயா, காகிதம் என்னுது, நீலம் என்னுது, பூ என்னுது! வழில போற பூச்சிக்கெல்லாம் பேரு போட முடியுமா?"

"பூவ யாருங்க கேட்டா?" அக்கா ஹாலுக்குள்ள வந்துருச்சு, ஒரு கைல துணி, ஒரு கைல டப்பா. "கோட்டத்தானே கேட்டாங்க? பூச்சிக்கு வேண்டாம், எனக்குக் குடுத்த வாக்கு எங்க?"

"நான் அப்பவே சொன்னேன்," கட்டம் அண்ணன் சுறுசுறுப்பா முன்னாடி வந்தாரு. "அது மனுசக் கையில்லன்னு சொன்னேனா இல்லையா? ஐயா, ஏமாத்திட்டாருங்க. அந்த மேசை எனக்குத்தான் வரணும்."

"உங்களுக்கா? உங்க கட்டத்துக்குள்ள நத்தைகூட ஏறாது, உக்காருங்க"ன்னேன் நான்.

"அப்ப நாளைக்கு அந்த மேசைல யாருதான் உக்காருறது?"ன்னு முதலாளி சத்தம் போட்டாரு.

"நான் உக்காருறேன்."

சொன்னது அக்கா.

"நீயா?" அத்தானுக்கு மூக்கு பழைய மாதிரி வீங்க ஆரம்பிச்சுது. "உனக்குப் பென்சில் புடிக்கத் தெரியுமாடி?"

"நத்தைக்கும்தான் தெரியாது."

"மொத தாள பத்திரமா சுருட்டிக் கொண்டு போனது நான், என் பேரையும் ஓரத்துல..."ன்னு நான் ஆரம்பிச்சேன், யாரு கேக்குறா? கட்டம் அண்ணன் துணிய ஒரு பக்கம் இழுக்குறாரு, முதலாளி மறுபக்கம் இழுக்குறாரு, அக்கா டப்பாவ நெஞ்சோட அணைச்சுக்கிச்சு. ஐயா, கிழிஞ்சிரும்யா! அண்ணே, கைய எடுங்கண்ணே! அத்தான், எங்க போறீங்க? அத்தான், சமையக்கட்டுல உங்களுக்கென்ன வேல? ஏய், யாராவது ஓடிப்போய் அந்த உப்பு டப்பாவ எடுத்து ஒளிச்சு வைங்கடா!